வரதராசா பெயரில் இரத்தினம் அடித்த நூற்றிருபத்தேழு

1987ஆம் ஆண்டு மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் மளிகைக் கடைக்குள் நிற்க இடமில்லை. வல்லாரையும் முருங்கைக்காயும் வந்த நாள். கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக அச்சடித்த அட்டைகள் ஒரு கட்டு இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணை ஒவ்வொன்று கொடுத்துக்கொண்டிருந்தார். இரத்தினம் அண்ணையும் ஒன்றை வாங்கி முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருடைய கழுத்து நரம்பு புடைத்ததை நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

"இதை ஆர் அடிப்பிச்சது?" என்று கேட்டார்.

"கழகந்தான். அஞ்சாம் ஆண்டு விழாவுக்கு. வடிவா இருக்கெல்லே?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. அவர்தான் பாரிஸில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர்.

அட்டையின் முன்பக்கத்தில், எங்கள் ஊரிலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த வரதராசாவின் படம் இருந்தது. பின்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'வீ. வரதராசா. விக்கெற் கீப்பர், அதிரடித் துடுப்பாட்ட வீரர். 14.03.1976 மாவட்ட இறுதியாட்டம்: 127 ஓட்டங்கள், ஒன்பது சிக்ஸர்கள், நான்கு பிடிகள், இரண்டு ஸ்டம்பிங்.' அதற்கு மேலே காலிறுதிக்கு 61, அரையிறுதிக்கு 88.

இரத்தினம் அண்ணை என் பக்கம் திரும்பினார். "குணசீலன், இந்த நூற்றியிருபத்தேழை ஆர் அடிச்சது? சொல்லு."

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது பழைய கதையண்ணை, இப்ப என்னத்துக்கு?" என்றேன்.

அவர் அட்டையைக் கல்லாவில் அடித்து வைத்துவிட்டு வெளியே போனார். வாங்கிய மரக்கறிப் பை அங்கேயே கிடந்தது.

யார் அடித்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதியவனே நான்தான்.

பாரிஸுக்கு வருமுன், ஊரில் இருந்த எங்கள் கழகத்துக்கு ஸ்கோர் எழுதியவன் நான். 1976இல் எனக்குப் பத்தொன்பது வயது. கழகச் செயலாளர் என் மாமா. கழகத்தின் கீப்பர் வரதராசா, கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரின் மகன். அந்த வருடம் மாவட்டச் சுற்றுப்போட்டி தொடங்கி இரண்டு ஆட்டம் முடிந்த நிலையில், பயிற்சியில் பந்து பட்டு அவருடைய இடக்கை விரல்கள் இரண்டு முறிந்துபோயின. வேறு கீப்பர் எங்களிடம் இல்லை. இரத்தினம் என்று ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா பனையேறிக் கள் இறக்கியவர். இரத்தினம் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு சீமெந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பயிற்சி செய்யும்போது எல்லைக்கு வெளியே நின்று பந்து பொறுக்கித் தருவார். எப்போதாவது ஆள் குறைந்தால் மட்டை கொடுப்போம், கீப்பராகவும் நிறுத்துவோம். அவர் அடிக்கிற பந்தைத் தேட இரண்டு பேர் போகவேண்டும்.

அவரைக் கழகத்தில் சேர்க்கலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்டவரை அதன்பிறகு யாரும் பேசவிடவில்லை. ஆனால் கிண்ணம் வேண்டும். ஆகவே இரத்தினத்தை வரதராசா என்ற பெயரில் இறக்குவது என்று மாமா முடிவுசெய்தார். வெளியூர் மைதானங்களில் யாருக்கு முகம் தெரியும்? மூன்று ஆட்டங்கள் அப்படி ஆடினார். மூன்றிலும் நான் 'வரதராசா' என்று எழுதினேன். பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

இறுதியாட்டத்தன்று மத்தியானம் எல்லோரும் கொட்டிலுக்குள் இருந்து சாப்பிட்டோம். தொண்ணூற்றிரண்டு ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நின்ற இரத்தினம் வெளியே வாகை மரத்தின் கீழ் தனியாக இருந்து சாப்பிட்டார். வென்ற பிறகு குழுப்படம் எடுத்தார்கள். வரதராசா வேட்டி மாற்றி வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து நடுவில் நின்றார். கட்டுப்போட்ட கையைப் பக்கத்தில் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இரத்தினத்திடம், "சைக்கிளுகளைப் பாத்துக்கொள்" என்று சொன்னார்கள்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவரை ஊரில் நான் "இரத்தினம், வா, போ" என்றே கூப்பிட்டேன். பாரிஸுக்கு வந்த பிறகுதான் 'அண்ணை' சேர்ந்தது. அவர் 1984இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்தார். கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. மனைவி கோசலை இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தா. லெ பிளாங்-மெனிலில் ஐந்தாம் மாடியில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் லா கூர்னெவ் பூங்காவில் எங்கள் கழகத்துக்குக் கீப்பராக நின்றார். இங்கே ஆட்கள் குறைவு, அதனால் சொந்தப் பெயரில் ஆடவிட்டோம். நிர்வாகக் குழுவில் மட்டும் அவருக்கு இடம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்டதில்லை.

அட்டை யோசனை எங்கேயிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. லாச்சப்பலில் சிறிய அச்சகம் வைத்திருந்தவர் லூசியன், பாண்டிச்சேரிக்காரர். வன்சென் காட்டுப்பக்கம் பேஸ்பால் ஆடும் சில அமெரிக்கர்கள், தங்கள் அணியில் ஓய்வு பெறும் ஒருவரைப் பாராட்டி அட்டை ஒன்று அடிக்க அவரிடம் வந்திருக்கிறார்கள். முன்னால் படம், பின்னால் அவர் ஆடிய ஆண்டுகள், அடித்த அடிகள் எல்லாம் கணக்காக. அமெரிக்காவில் பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அப்படி அட்டை உண்டாம். விழா நோட்டீஸ் அடிக்கப் போன ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை அதைப் பார்த்து ஆசைப்பட்டார். வரதராசாவிடம் பழைய பத்திரிகைத் துண்டும் குழுப்படமும் இருந்தன. அவ்வளவுதான். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை வேறு ஊர்க்காரர், உண்மை அவருக்குத் தெரியாது. வரதராசாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

அடுத்த நாளே இரத்தினம் அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு ஓல்னே-சூ-புவாவுக்குப் போனார். வரதராசாவின் வீடு அங்கே. "நீ பேச வேண்டாம். பக்கத்திலை நிண்டாப் போதும்" என்றார்.

வரவேற்பறைச் சுவரில் அந்தப் பத்திரிகைத் துண்டு சட்டம் போட்டுத் தொங்கியது. வரதராசாவின் மனைவி புஸ்பராணி எங்களை இருக்கச் சொன்னா. மகள் எட்டிப்பார்த்து, "பப்பா, சே கீ?" என்று கேட்டாள். யாரென்று அவர் மகளுக்குச் சொல்லவில்லை. மனைவியையும் மகளையும் குசினிக்குள் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கழகம் அடிச்ச காட்டைப் பாத்தனான்," என்றார் இரத்தினம் அண்ணை. "அதிலை இருக்கிறது நான் அடிச்சது. கழகத்துக்குச் சொல்லி நிப்பாட்டுங்கோ."

வரதராசா குரலைத் தாழ்த்தினார். "இரத்தினம், நீ அடிச்சனி எண்டு எனக்குத் தெரியாதே? ஆனா ஒண்டை யோசி. உனக்கு அண்டைக்கு ஆடக் கிடைச்சதே என்ரை பேராலைதானே."

"உங்கடை பேர் பந்து பிடிக்கேல்லை."

"பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். பள்ளிக்கூடத்திலையும் கொண்டுபோய்க் காட்டிப்போட்டினம். இனி நான் என்னெண்டு மாத்திச் சொல்லுறது? ஒரு துண்டு அட்டை. இதுக்குப் போய்ச் சண்டையோ?"

"ஒரு துண்டு அட்டையெண்டால் ஏன் உனக்கு வேணும்?"

அவர் வரதராசாவை நீ என்று சொன்னதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். வரதராசாவும் கவனித்தார். முகம் கறுத்தது. எழுந்து வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

ரயிலில் திரும்பினோம். லா கூர்னெவ் தாண்டியதும் இரத்தினம் அண்ணை சொன்னார்: "அவனிலை எனக்குக் கோவம் இருக்கு. ஆனா அவன் தன்ரை பேரைக் காப்பாத்துறான். உனக்கு என்ன? எழுதினது உன்ரை கை. ஒரு வசனம் சொல்ல நாக்கு எழும்பேல்லை."

"நீங்கள்தானே பேச வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்."

"கடையிலை பேசச் சொன்னனான்."

கார் து நோர் நிலையத்தில் இறங்கி அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நேரே லூசியனின் அச்சகத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஞாயிறு என்றாலும் லூசியன் உள்ளே வேலையாக இருந்தார்.

"எனக்கும் ஒரு காட் வேணும்," என்றார் இரத்தினம் அண்ணை. "அதே அளவு. அதே அட்டை."

"போட்டுக் கொடுத்துட்டா போச்சு. ஃபோட்டோ இருக்குங்களா?"

ஊரில் எடுத்த ஒரு படத்திலும் அவர் இல்லை. நிலையத்துக்குத் திரும்பிப் போய், வதிவிட அட்டைக்குப் படம் பிடிக்கும் தானியங்கிப் பெட்டிக்குள் இருந்தார். வழியில் நண்பன் ஒருவனின் அறையிலிருந்து தன் கையுறைகளை எடுத்து வந்திருந்தார். இரண்டு கையையும் நெஞ்சுவரை உயர்த்திப் பிடித்தார். நான்கு படம் விழுந்தது. ஒன்றிலும் சிரிக்கவில்லை. நாலாவது படத்தில் பல்லைக் கடித்திருக்கிறார்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் லூசியன் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டார். இரத்தினம் அண்ணை சொல்லச் சொல்ல எழுதினார். 'க. இரத்தினம். விக்கெற் கீப்பர். 1976 காலிறுதி 61. அரையிறுதி 88. 14.03.1976 இறுதியாட்டம் 127, ஒன்பது சிக்ஸர்கள், நான்கு பிடிகள், இரண்டு ஸ்டம்பிங். மூன்று ஆட்டங்களும் வீ. வரதராசா என்ற பெயரில் ஆடவைக்கப்பட்டார்.' அதன் பிறகு ஒரு வரி: 'காரணம்: சாதி.'

லூசியன் பேனாவை நிறுத்தினார். "முசியே, நான் தெரிஞ்சத சொல்றேன். இந்த மாதிரி கார்த்துல அடிச்சது, புடிச்சது மட்டும்தாங்க போடுவாங்க. அந்த அமெரிக்கக்காரர் குந்திக்கினு பந்து புடிக்கிற ஆளு, ரொம்ப தூரம் அடிப்பாராம். அத மட்டுந்தான் போட்டோம். இந்தக் கடைசி வரிய போட்டா தகராறு வருங்க."

"அந்த அமெரிக்கன் தன்ரை பேரிலை ஆடினவன். என்ரை காட்டிலை அந்த வரி இல்லாட்டி மிச்சமெல்லாம் பொய்."

லூசியன் அந்த வரியையும் எழுதினார். "அப்பப் போட்டுடலாம். கொட்டை எழுத்துல வேணுங்களா?"

"ஓம்."

அடுத்த ஞாயிறு லா கூர்னெவ் பூங்காவில் ஆட்டம் தொடங்குமுன் இரத்தினம் அண்ணை தன் அட்டைகளை இரண்டு அணிக்கும் கொடுத்தார். பார்க்க வந்திருந்த குடும்பங்களுக்கும் கொடுத்தார். கோசலையும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு பெண்கள் இருந்த பக்கம் போனா. சிலர் வாசித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். சிலர் புல்லில் போட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை ஓடிவந்தார்.

"இஞ்சை வந்தும் ஏன் சாதியைக் கிளப்பிறாய்? பிரான்சிலை ஆரும் சாதி பாக்கினமோ? பிரெஞ்சுக்காரன் கண்டால் சிரிப்பான்!"

"நான் கிளப்பேல்லை. ஒளிச்சு வச்சதை எழுதியிருக்கிறன். நீங்கள்தான் பொய்யை அடிச்சுக் கடையிலை வச்சு எல்லாருக்கும் குடுத்தனீங்கள்."

"ஆதாரம் இருக்கோ? பேப்பரிலை வரதராசா எண்டுதானே கிடக்கு!"

இரத்தினம் அண்ணை என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் காற்காப்புகளைக் கழற்றி விக்கெற்றுக்குப் பின்னால் போட்டார். "இண்டைக்கு வரதராசாவைக் கீப்பராய் விடுங்கோ. நல்லாப் பிடிப்பார்" என்று சொல்லிவிட்டு கோசலையோடு போய்விட்டார். அன்று கீப்பர் விட்ட பந்துகளில் மட்டும் எங்களுக்கு இருபத்திரண்டு ஓட்டம் பைஸாகப் போனது.

இரண்டு கிழமை ஊர்வாய் ஓயவில்லை. பொறாமையில் செய்கிறான் என்றார்கள். தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். 'அதுகள்' என்று தொடங்கிப் பேசினவர்களும் உண்டு. பிரான்சில் சாதி இல்லை என்று சொன்ன அதே வாய்கள்தான். லூசியனிடம் இனி அச்சு வேலை கொடுப்பதில்லை என்று ஒரு சிலர் கிளம்பினார்கள். வரதராசா எங்கேயும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார்.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை புஸ்பராணி அக்கா கடைக்கு வந்தா. ஆண்களும் பெண்களுமாய்க் கடை நிறைய ஆட்கள். நானும் நின்றேன். கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்துக் கல்லாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா.

"அண்ணை, இந்தத் திகதி சரியோ? பதினாலாம் திகதி மார்ச்?"

"ஓம், வரதராசா தந்த குழுப்படத்தின்ரை பின்பக்கத்திலை அப்பிடித்தான் எழுதிக் கிடந்தது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை.

"எனக்கும் இவருக்கும் கலியாண எழுத்து நடந்தது நாலாம் திகதி மார்ச். பத்து நாள் முந்தி. அண்டைக்கு இவர் இடக்கையிலை முறிவு பாக்கிற வைத்தியன் வச்ச பத்தோடையும் கட்டோடையும் வந்து இருந்தவர். மோதிரம் போடேலாமல் அம்மா அழுதவ, சகுனம் சரியில்லையெண்டு. பதினொரு வருசமாய் அந்த நூற்றியிருபத்தேழைக் கேட்டுக்கொண்டு சமைக்கிறன். திகதியை ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் காட்டைப் பாத்துத்தான் எனக்கே தெரியும்."

அட்டைகள் இரண்டையும் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் பக்கம் தள்ளினா.

"வீட்டிலை கேட்டனான். பதில் இல்லை. கத்தினவர், அவ்வளவுதான். என்ரை பிள்ளையளின்ரை வாயாலை பொய் சொல்ல வச்சிருக்கிறார். எனக்கு வாற கோவத்துக்கு இந்தக் கடையைக் கொளுத்தலாம்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "ஓம். அடிச்சது இரத்தினம் அண்ணைதான். நான்தான் பேரை மாத்தி எழுதினனான்."

முதலில் சொன்னது நான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் இரண்டாவது ஆள். ஒரு பெண் வந்து தன் வீட்டு மானத்தைக் கல்லாவில் வைத்த பிறகு சொன்னவன். புஸ்பராணி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீரும் எங்கடை வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சனீர்தானே" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வரதராசாவின் அட்டைகள் அன்று பின்னேரமே கடையிலிருந்து காணாமல் போயின. விழா தள்ளிப்போடப்பட்டது. பிறகு ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையும் நிர்வாகக் குழுவில் இன்னும் இரண்டு பேரும் இரத்தினம் அண்ணை வீட்டுக்குப் போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். லிஃப்ட் பழுது. ஐந்து மாடியும் ஏறி மூச்சு வாங்க இருந்தோம்.

"பிழை நடந்திட்டுது," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. "கழகச் செலவிலை உமக்குப் புதுக் காட் அடிக்கிறம். விழாவிலை மாலை போட்டு, மேடையிலை வச்சுக் குடுக்கிறம். அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம். அது எல்லாருக்கும் அவமானம்."

"எல்லாருக்குமோ?" என்றார் இரத்தினம் அண்ணை. "எனக்கு அதிலை ஒரு அவமானமும் இல்லை. மாலையும் வேண்டாம். ஏன் பேரை மாத்தி ஆட விட்டவை எண்டு மேடையிலை ஒராள் சொல்லட்டும். குணசீலன் சொல்லட்டும், நீங்கள் சொல்லுங்கோ, ஆரெண்டாலும் சரி. வந்து பின்வரிசையிலை இருந்து கேக்கிறன்."

"அதெல்லாம் மேடையிலை கதைக்கிற விசயமே?"

கோசலை தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்து வைத்தா. நான் எடுத்தேன். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையும் எடுத்து ஒரு வாய் குடித்தார். மற்ற இருவரும், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்றார்கள். ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவரும் அதையே சொன்னார்.

கோசலை தட்டத்தை வைத்த கையை எடுக்கவில்லை. "எங்கை குடிச்சனீங்கள்?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இல்லை, கேக்கிறன். அஞ்சு மாடி ஏறி நாக்குத் தள்ளிப்போய் இருக்கிறியள். பாரிஸிலை பிரெஞ்சுக்காரன்ரை எச்சில் கோப்பை கழுவிறியள், அரபுக்காரன்ரை கடையிலை சான்ட்விச் தின்னுறியள். என்ரை கேத்திலிலை என்ன இருக்கு? சொல்லிப்போட்டு எழும்புங்கோ!"

"தங்கச்சி, பிழையா விளங்கிப்போட்டீர்..." என்று தொடங்கினார் ஒருவர்.

"அப்ப குடியுங்கோ."

அவர் கோப்பையைத் தொட்டார். தூக்கவில்லை. இரத்தினம் அண்ணை எழுந்து கதவைத் திறந்தார். "போங்கோ. உங்கடை கழகமும் வேண்டாம், காட்டும் வேண்டாம். நான் கேட்டது ஒரு வசனம். அதைக்கூடச் சொல்லேலாத ஆக்களுக்கு இனி நான் பந்து பிடிக்கமாட்டன்."

படியிறங்கும்போது ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை மற்ற இருவரையும் ஏசிக்கொண்டே வந்தார். இரண்டாம் மாடியில் நின்று என்னிடம் கேட்டார்: "அந்த வரியோடையே அடிச்சிருக்கலாமோ?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவும் இல்லை.

விழா நடக்கவே இல்லை. நான் கழகத்திலிருந்து விலகினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பதினொரு வருடம் தாமதம். புஸ்பராணி அக்கா புருசனோடு மூன்று மாதம் பேசவில்லை என்று கேள்வி. பிறகு பேசியிருப்பா, பிள்ளைகள் இருக்கிறார்கள். லூசியனின் அச்சகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கலியாணக் காட் அடிக்க வேறு இடம் இல்லாமல் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

இரத்தினம் அண்ணை பாகிஸ்தான்காரரும் மொரீசியஸ்காரரும் சேர்ந்து ஆடிய ஓர் அணியில் சேர்ந்தார். இரண்டு வருடம் கீப்பராக நின்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு உருது தெரியாது, எல்லோருமாய் உடைந்த பிரெஞ்சில் சத்தம் போட்டு ஆடினார்கள். நான் பார்க்கப் போவேன். 1989 கோடையில் ஒரு நாள் அவர் பதினோரு ஓட்டத்தில் ஆட்டமிழந்து நடுவரைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

"இன்னும் கோவமோ அண்ணை?"

"ஓம்," என்றார். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்து ஆடப்போகிறவனிடம் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கையைக் காட்டிச் சொல்லப் போய்விட்டார்.